வெள்ளவத்தை மாடிவீட்டில் மூன்று சுண்டெலிகள்: கூடு அமைப்பதும் பேணுவதும்

கேட்கப்பட்டது இது: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கும் ஒரு தாய். பன்னிரண்டு வயது மகள் சிநேகிதியிடமிருந்து மூன்று வெள்ளைச் சுண்டெலிகளைக் கொண்டுவந்துவிட்டாள். பழைய கிளிக்கூட்டில் பத்திரிகைத் தாள் விரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அறை நாறத் தொடங்கிவிட்டது, எறும்பு வருகிறது, ஒன்று தும்முகிறது. எப்படியான கூடு வேண்டும், அடியில் எதைப் போடுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது என்று கேட்கிறார். எலிக்காய்ச்சல் வந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறாராம்.

சகோதரி, கூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்றிரவே செய்யவேண்டிய வேலைகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, அவற்றைக் கிளிக்கூட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளிக்கூட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கும். சுண்டெலிக்குத் தலை நுழைந்தால் போதும், உடம்பு பின்னாலேயே வந்துவிடும். வளர்ந்தவற்றுக்கே ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவான இடைவெளிதான் பாதுகாப்பு. குட்டிகளுக்கு ஆறு மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. தொடர்மாடியில் தப்பியோடிய சுண்டெலி யாரோ ஒருவர் குசினியில் வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும், அல்லது பக்கத்து வீட்டுப் பூனையிடம் அகப்படும். நிரந்தரக் கூடு தயாராகும்வரை அரை மீற்றர் உயரமான, வழுவழுப்பான சுவருள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் விடுங்கள். மேலே கம்பிவலைத் துண்டை வைத்து நான்கு மூலையிலும் பாரம் ஏற்றிவிடுங்கள். சுண்டெலி நின்ற இடத்திலிருந்து ஓர் அடி உயரம் பாயக்கூடியது. ஆகவே திறந்த வாளியை நம்பவேண்டாம்.

இரண்டாவது, மூன்றும் பெண்தானா என்று பாருங்கள். கொடுத்தவர் சொன்னதை வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். வளர்ந்த ஆணுக்கு வாலடியில் விதைப்பை நன்றாகவே தெரியும். இளசாக இருந்தால் சிறுநீர்த் துவாரத்துக்கும் மலவாசலுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்: ஆணில் கூடுதலாகவும் பெண்ணில் மிகக் குறைவாகவும் இருக்கும். பெண்ணுக்கு வயிற்றில் முலைக்காம்புகள் தெரியும். ஆண் ஒன்று கலந்திருந்தால் அதை உடனே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். சினைக்காலம் 19 முதல் 21 நாள்தான். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடியும் சினைப்படும். பிறந்த குட்டிகள் ஐந்தாறு வாரத்தில் தாங்களே குட்டி போடும் நிலைக்கு வந்துவிடும். மூன்று சுண்டெலி முப்பதாவதற்கு ஒரு பள்ளித் தவணை போதும். ஆண்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆகவே ஆணைத் தனியாகவும், பெண்களை இரண்டு மூன்றாகச் சேர்த்தும் வளர்ப்பதே வழக்கம். பெண் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். உங்களுடையவை மூன்றும் பெண் என்றால் நல்ல எண்ணிக்கை.

இனிக் கூட்டுக்கு வருவோம். நான் கொட்டாஞ்சேனையில் பதினான்கு வருடமாகச் சுண்டெலி வளர்க்கிறேன். தொடக்கத்தில் வெளிநாட்டுக் கையேடுகளை வாசித்து, எழுத்துத் தவறாமல் அப்படியே செய்தேன். கண்ணாடித் தொட்டி, அரையடி ஆழத்துக்குப் படுக்கை, காற்றுப் படாத மூலை. முதல் மழைக்காலத்திலேயே இரண்டைப் பறிகொடுத்தேன். அந்தக் கையேடுகள் எழுதப்பட்டவை குளிர்நாடுகளில். அங்கே வளர்ப்பவரின் கவலை சுண்டெலி விறைத்துப்போகக்கூடாது என்பது. இங்கே எங்களுடைய கவலை அது மூச்சுத்திணறக்கூடாது என்பது. இதைப் புரிந்துகொண்டால் கொழும்பில் கூடு வைப்பதில் பாதிக்கு மேல் உங்களுக்கு விளங்கிவிடும்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆய்வுகூடங்களில் சுண்டெலிகளை 20 முதல் 24 பாகை செல்சியஸில் வைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிறிய உடம்புக்கு, சூட்டைக் காப்பதற்கென்று தனியாகச் சக்தி செலவழிக்கத் தேவையில்லாத வெப்பநிலை 30 பாகையை அண்டியது. ஆகவே கொழும்பின் 27, 28 பாகை அதற்கு எதிரி இல்லை. எதிரி புழுக்கம். சுண்டெலிக்கு எங்களைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாயைப்போல் இளைத்துச் சூட்டை வெளியேற்றவும் தெரியாது. வாலாலும் காதுகளாலும் சூட்டைக் கழிக்கும். அதுவும் போதாதபோது எச்சிலை மயிரில் தடவிக்கொள்ளும். எச்சில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கொழும்பிலோ காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றும் அசையாமல் நின்றுவிட்டால் எச்சில் உலராது, சூடு உள்ளேயே தங்கும். 32 பாகை தாண்டிய ஓர் ஏப்ரல் மத்தியானத்தில் மூடிய தொட்டிக்குள் இருக்கும் சுண்டெலிக்குத் தப்ப வழியில்லை.

அதே அசையாத காற்றுத்தான் உங்கள் சுண்டெலி தும்முவதற்கும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பக்டீரியா அமோனியாவாக மாற்றுகிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். பத்திரிகைத் தாள் சிறுநீரை அவ்வளவாக உறிஞ்சாது, நனைந்து தட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாங்கள் நின்றுகொண்டு முகரும்போது இலேசாக வீசுவதை, படுக்கையோடு மூக்கை வைத்திருக்கும் சுண்டெலி நாள் முழுக்கச் சுவாசிக்கிறது. அமோனியா மூச்சுக்குழாயின் உட்தோலை அரித்துவிட்டால், அதுவரை அடங்கியிருந்த மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் தலைதூக்கும். தும்மல் முதல் அறிகுறி. அடுத்தது மூச்சுவிடும்போது கடிகாரம்போல் ‘டிக் டிக்’ என்ற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கொழும்பில் நாய், பூனை பார்ப்பவர்கள்தான் அதிகம். சுண்டெலி பார்ப்பீர்களா என்று தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. படுக்கையை மாற்றி, காற்றோட்டமான கூட்டில் விட்ட பிறகும் தும்மல் மூன்று நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலும் அதேதான்.

ஆகவே கூடு இரண்டு பக்கமும் காற்றுப் போய்வரக்கூடியதாக இருக்கவேண்டும். கடையில் வாங்கும் சின்னஞ்சிறிய வண்ணக் கூடுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவை பெரும்பாலும் ஹம்ஸ்டருக்கென்று செய்யப்பட்டவை. கம்பி இடைவெளியும் கூட, தரைப்பரப்பும் போதாது. மூன்று பெண்களுக்கு 60க்கு 40 சென்ரிமீற்றர் தரை என்பது குறைந்தபட்சம். 75க்கு 45 கிடைத்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். உயரம் 40 போதும். இதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

புறக்கோட்டையில் உடுப்புப் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கும். நூறு லீற்றர் அளவில் கொள்ளக்கூடிய, நிறமில்லாத, சுவர் தடித்த பெட்டியாகத் தேடுங்கள். பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் கால் அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலை கேளுங்கள். கோழிக்கூட்டு வலையும் நுளம்பு வலையும் உதவாது. முதலாவதன் கண் பெரிது, இரண்டாவதை ஒரே இரவில் கடித்து ஓட்டையாக்கிவிடும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை: நாகம் (துத்தநாகம்) பூசிய சாதாரண வலை உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். விலை கூடினாலும் துருப்பிடிக்காத உருக்கு வலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நாகம் பூசியதுதான் கிடைக்கிறது என்றால் வினாகிரியால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். உதிரக்கூடிய பூச்சு அதோடு போய்விடும். துரு தெரியத் தொடங்கியதும் வலையை மாற்றுங்கள். அவை கம்பியைக் கடிக்கும் வழக்கமுள்ளவை.

பெட்டி மூடியில் சுற்றிவர நான்கு சென்ரிமீற்றர் விளிம்பு விட்டு நடுப்பகுதியை வெட்டி எடுங்கள். பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். கொழும்புக்கு அது போதாது. இரண்டு நீளச் சுவர்களிலும் படுக்கை மட்டத்துக்கு மேலே, ஒன்றுக்கு நேரெதிரே ஒன்றாக, கொப்பி அளவில் யன்னல்கள் வெட்டுங்கள். ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும்போதுதான் அடியில் தேங்கியிருக்கும் ஈரமும் வாடையும் அதோடு சேர்ந்து போகும். இரும்பறுக்கும் வாளின் அலகால் மெதுவாக வெட்டலாம். சூடான ஊசியால் துளையிடுவதென்றால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை யாருக்கும் நல்லதில்லை. வலையை மூடியிலும் சுவர்களிலும் உட்பக்கமாகப் பொருத்தவேண்டும். வெளிப்பக்கம் பொருத்தினால் வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு அவற்றின் பல்லுக்கு அகப்படும், ஒரு வாரத்தில் வாசல் திறந்துவிடும். பசையை நம்பாமல் ஆறேழு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சிறிய திருகாணியும் சுரையும் (போல்ட், நட்) போட்டு இறுக்குங்கள். வலையின் வெட்டு முனைகளை மடித்துவிட மறக்கவேண்டாம்.

இதே மாதிரி இரண்டாவது பெட்டி ஒன்று, சற்றுச் சிறிதாக, கைவசம் இருக்கட்டும். கழுவும் நாளில் அவற்றை விட்டுவைக்க ஓர் இடம் வேண்டும். மழைக்காலத்தில் கழுவிய பெட்டி காய ஒரு நாள் முழுக்க எடுக்கும்; ஈரமான பெட்டியில் புதுப் படுக்கை போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கூட்டை எங்கே வைப்பது? பல்கனியில் வைக்கவே வேண்டாம். உங்கள் கடற்பக்கப் பல்கனி மேற்கைப் பார்த்தது; பின்னேர வெயில் நேரடியாக விழும். வெயில் பட்ட பிளாஸ்டிக் பெட்டி கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும். காகங்களும் பல்கனியைத்தான் நோட்டமிடும். குழாய் வழியாக ஏறிவரும் காட்டெலிகள் இரவில் கூட்டின் மேல் ஓடி, சிறுநீர் விட்டுப்போகும் (இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்). வீட்டுக்குள்ளே, வெயில் விழாத, ஆனால் யன்னல் திறந்திருக்கும் ஓர் அறையே நல்லது. மின்விசிறி அறைக் காற்றைச் சுழற்றட்டும், கூட்டைக் குறிபார்த்து அடிக்கவேண்டாம். குளிரூட்டி ஓடும் அறை என்றால் காற்று நேரே விழாத மூலையைத் தெரிவுசெய்யுங்கள். இரவு குளிரூட்டியில் 22 பாகையிலும் பகல் அடைத்த அறையில் 32 பாகையிலும் மாறி மாறி இருப்பதைவிட, எப்போதும் 28 பாகையில் இருப்பது அவற்றுக்கு நிம்மதி. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையோர ரயில் போகும்போது சுவரில் எழும் அதிர்வு அவற்றைத் திடுக்கிட வைக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். எங்கள் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகள் அவற்றுக்குக் கேட்கும்.

மின்சாரம் போகும் நாளுக்கும் ஆயத்தமாக இருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது என் சுண்டெலிகளைக் காப்பாற்றியது மண்சட்டி. மெருகு பூசாத சின்னச் சட்டி ஒன்றின் விளிம்பில் வாசல்போல் உடைத்து, கூர் மழுங்கத் தேய்த்து, கூட்டுக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். வெக்கை ஏறியதும் எல்லாம் அதன் குளிர்ந்த மண்ணில் வயிறு ஒட்டப் படுத்துக்கிடந்தன. தண்ணீர் உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றி, ஒரு தட்டில் வைத்து, கூட்டுக்கு வெளியே சுவரோடு சாய்த்து வைக்கலாம். உள்ளே வைத்தால் வியர்த்துப் படுக்கையை நனைத்துவிடும். சுண்டெலி நீட்டி நிமிர்ந்து படுத்து, வால் சூடாகி, வாயோரம் ஈரமாக இருந்தால் வெப்பம் தாக்கியிருக்கிறது என்று பொருள். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதையும் வாலையும் சாதாரண தண்ணீரால் நனைத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் தோய்ப்பது ஆபத்து.

இனிப் படுக்கை. கொழும்பில் வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது இதில்தான், நானும் தவறியிருக்கிறேன். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டேன். எந்த மரம், எந்த மருந்து தடவிய பலகை என்று யாருக்கும் தெரியாது. பொடித் தூள் மூக்கில் ஏறும், மருந்து பாதத்தில் படும். பச்சைப் பைன் மரத்தின் மணம் எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அந்த மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருட்கள் அவற்றின் மூச்சுக்கும் ஈரலுக்கும் ஆகாது. செடார் அதைவிட மோசம். சூளையில் உலர்த்தி, தூசி நீக்கி, செல்லப்பிராணிகளுக்கென்று பொதி செய்த மரச்சீவலை வாங்கலாம். அதையும் சல்லடையில் ஒருமுறை தட்டிவிட்டுப் போடுங்கள்.

உமி மலிவு, ஆனால் உறிஞ்சாது, குத்தும். தும்புத்தூள் நன்றாக உறிஞ்சும், ஆனால் காய்ந்தால் பறக்கும், ஈரமானால் பூஞ்சணம் பிடிக்கும். அலசி, வெயிலில் காயவைத்து, சல்லடை போட்டு, ஒரு தட்டில் தோண்டி விளையாட மட்டும் வைக்கலாம். நீளத் தும்பு காலில் சுற்றி இறுக்கும். பஞ்சும் அப்படியே; கால் துண்டிக்கப்படும் அளவுக்கு இறுகும், விழுங்கினால் குடலை அடைக்கும். ‘மென்மையான மெத்தை’ என்று கடையில் விற்கும் பஞ்சுப் பொதியைத் தயவுசெய்து வாங்கவேண்டாம். பூனைகளுக்கான, ஈரம் பட்டால் கட்டியாகும் மண்ணும் வேண்டாம்.

நான் இப்போது போடுவது இது. அடியில் மரச்சீவல், அதன்மேல் கிழித்த முட்டை அட்டை, அச்சடிக்காத வெள்ளைக் கடதாசிக் கீற்று. கூடு கட்டுவதற்கு, மணம் சேர்க்காத கழிவறைத் தாளை முழுதாகவே கொடுத்துவிடுவேன். கீற்றுக் கீற்றாகக் கிழித்து அவை கட்டும் உருண்டைக் கூட்டைப் பார்ப்பதற்கே மகள் கண்விழித்திருப்பாள். ஆழத்தில் நான் கையேடுகளோடு முரண்படுகிறேன். கூடு முழுக்கப் பதினைந்து சென்ரிமீற்றர் போட்டால் எங்கள் காற்றில் அடிப்பகுதி காயவே காயாது. ஒரு பாதியில் மட்டும் பன்னிரண்டு, பதினைந்து சென்ரிமீற்றருக்குக் குவித்துவிடுங்கள். அங்கே சுரங்கம் தோண்டட்டும். மற்றப் பாதியில் நான்கு சென்ரிமீற்றர் போதும். தண்ணீர்ப் போத்தலும் அவை ஓடி விளையாடும் சில்லும் அந்த ஆழமில்லாத பக்கத்தில் இருக்கட்டும், அதிகம் நனைவது அங்கேதான். கட்டாக வாங்கிய சீவலையும் தானியத்தையும் இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் சிற்றுண்ணியும் வண்டும் பெரும்பாலும் செத்துவிடும்.

உள்ளே வைக்கும் சாமான்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கண்ணை ஒட்டி ஒரு துளையிட்ட சிரட்டை அருமையான வீடு. தும்பை நன்றாகச் சுரண்டிவிடுங்கள். கழிவறைத் தாளின் அட்டைக் குழல், சாயம் பூசாத பனையோலைப் பெட்டி, கொய்யாக் கிளை, தடித்த பருத்திக் கயிறு எல்லாம் ஏறவும் கடிக்கவும் உதவும். பணம் செலவழிக்கவேண்டியது ஓடும் சில்லுக்கு மட்டும். குறைந்தது இருபது சென்ரிமீற்றர் விட்டம், தளம் இடைவெளியில்லாமல் மூடியதாக இருக்கவேண்டும். கம்பிப்படி வைத்த சில்லில் வால் சிக்கி முறியும். சிறிய சில்லில் முதுகு வளைந்துபோகும். ஓடிக்கொண்டே சிறுநீர் விடும் வழக்கமுள்ளவை, ஆதலால் சில்லை இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள். அறை நாற்றத்தில் பெரும் பங்கு அந்தச் சில்லில்தான் இருக்கும்.

எறும்புக்கு எங்கள் பாட்டிமார் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்ததையே செய்யுங்கள்: கூடு வைத்த சிறுமேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது. மேசை சுவரில் முட்டக்கூடாது, திரைச்சீலையும் தொடக்கூடாது. ஆனால் இது கொழும்பு. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, எங்கள் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாளில் பறந்துவிடும். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குள் வந்து பார்க்கும்போது இந்தக் கிண்ணங்களையும் பார்ப்பார். ஆகவே தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து ஊற்றுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி, கிண்ணத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. எறும்பு மருந்துத் தூளோ தெளிமருந்தோ அந்த அறையில் வேண்டவே வேண்டாம். நுளம்புத்திரியும் அப்படித்தான். தெருவில் புகை விசிற வருகிறார்கள் என்று தெரிந்தால் யன்னலைச் சாத்தி, கூட்டை உள்ளறைக்குக் கொண்டுபோய், புகை அடங்கியபின் திறவுங்கள்.

கழுவுவதைப் பற்றி. நாறுகிறது என்று தினமும் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் நாற்றம் கூடுமே தவிரக் குறையாது. சுண்டெலிக்கு மணம்தான் விலாசம். தன் மணம் போய்விட்ட இடத்தைக் கண்டால் அவசர அவசரமாக எல்லா இடத்திலும் சிறுநீர் தெளித்துப் புதிதாக அடையாளமிடும். ஆகவே தினமும் காலையில் நனைந்த பகுதியை மட்டும் அள்ளி எடுங்கள், ஐந்து நிமிட வேலை. மழைக்காலத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறையும், காய்ந்த மாதங்களில் ஏழு நாளைக்கு ஒருமுறையும் மூன்றில் இரண்டு பங்கு படுக்கையை மாற்றுங்கள். அவை கட்டிய கூட்டின் உலர்ந்த பகுதியைப் பத்திரமாக எடுத்துவைத்து, திரும்ப அதே மூலையில் வையுங்கள். எடுத்துவைக்கவேண்டியது உறங்கும் கூட்டை மட்டும், சிறுநீர் ஊறிய சீவலையல்ல. முன்னது அவற்றைச் சாந்தப்படுத்தும், பின்னது சண்டையைக் கிளப்பும். பெட்டியை முழுதாகக் கழுவுவது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். சுடுதண்ணீர், சிறிது சவர்க்காரம். வெள்ளையாகப் படிந்த சிறுநீர்க் கறைக்கு வினாகிரி. குளோரின் கலந்த திரவத்தைச் சிறுநீர் படிந்த பெட்டியில் ஊற்றவேண்டாம், வினாகிரியோடும் கலக்கவேண்டாம். இரண்டிலும் நச்சுவாயு கிளம்பும்.

படுக்கை மாற்றும் நாள் வந்ததா என்று அறிய நாட்காட்டியைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. விடியற்காலையில், யன்னல் திறக்குமுன், மூடியைத் தூக்கி முகத்தைக் கூட்டுக்குள் தாழ்த்தி ஒருமுறை மூச்செடுங்கள். கண் கரித்தால் நீங்கள் ஒரு நாள் பிந்திவிட்டீர்கள்.

சாப்பாடு சுருக்கமாக. ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு நான்கு கிராம் அளவில்தான் தின்னும், ஐந்து மில்லிலீற்றர் அளவில் தண்ணீர் குடிக்கும். சிறு கொறிணிகளுக்கான உருண்டைத் தீவனம் அடிப்படையாக இருக்கட்டும். அதோடு குரக்கன், தினை, ஓட்ஸ், நெல், அவித்த கௌபி. வாரம் இருமுறை அவித்த முட்டையில் ஒரு சிட்டிகை. சூரியகாந்தி விதை இரண்டொன்றுக்கு மேல் வேண்டாம், கொழுத்துவிடும். பூஞ்சணம் பிடித்த கச்சானும் சோளமும் நஞ்சு. எங்கள் ஈரலிப்பில் அவை கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே சிறுகச் சிறுக வாங்கி இறுக்கிய போத்தலில் வையுங்கள். வெள்ளரி, கரட், வல்லாரை நகமளவு போதும். இரவு கொடுத்ததில் மீதியைக் காலையில் எடுத்துவிடுங்கள். தண்ணீர்ப் போத்தல் குழாயின் நுனியில் இருக்கும் குண்டை தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். அது இறுகினால் தாகம், ஒழுகினால் வெள்ளம், இரண்டும் ஓர் இரவில் ஆளைக் கொல்லும். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவதென்றால் இரண்டு நாளுக்கு இரண்டு போத்தல் மாட்டிவிட்டுப் போகலாம். இருபத்தைந்து நாளும் நிற்பதாக இருந்தால் தினமும் வந்து பார்க்க ஒருவரை இப்போதே பேசிவையுங்கள்.

மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடவேண்டாம். எலிக்காய்ச்சல் எங்கள் நாட்டில் உண்மையான நோய். 2008 இல் மட்டும் சந்தேகத்துக்குரிய நோயாளர்கள் ஏழாயிரத்துக்கு மேல். அது தொற்றிய பிராணிகளின் சிறுநீரால், குறிப்பாகக் காட்டெலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் பரவுகிறது. அதனால்தான் வயலில் இறங்குபவர்களை அதிகம் பிடிக்கிறது. வீட்டுக்குள் பிறந்து வளர்ந்து, வெளி எலியோடு தொடர்பே இல்லாத சுண்டெலியிடமிருந்து அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தத் தொடர்பு ஏற்படாமல் காப்பதுதான் உங்கள் வேலை: கூடு வீட்டுக்குள், தானியம் இறுக்கிய போத்தலில், சீவல் மூட்டை தரையில் இல்லாமல் மேலே. வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால் முதலில் அந்த ஓட்டையை அடையுங்கள். கூட்டில் கை வைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும், முகத்தோடு வைத்துக் கொஞ்சக்கூடாது, குசினித் தொட்டியில் பெட்டி கழுவக்கூடாது. இந்த மூன்றையும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் படுக்கை மாற்றும் வேலையை வேறொருவர் செய்யட்டும். சுண்டெலியிலிருந்து கருவைத் தாக்கக்கூடிய வைரஸ் ஒன்று இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் உறங்கும் அறையிலும் கூடு வேண்டாம்.

தூக்கும்போது வால் நுனியைப் பிடிக்க விடாதீர்கள், தோல் உரிந்து வந்துவிடும். அட்டைக் குழலை நீட்டினால் தானாக ஏறும். அதோடு தூக்கி உள்ளங்கையில் விடலாம். வாரம் ஒருமுறை குசினித் தராசு ஒன்றில், கிண்ணத்தோடு வைத்து நிறுத்து, ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மகளுக்கு அது பிடிக்கும், வைத்தியருக்கு உதவும். சுண்டெலி நோயை மறைக்கும் பிராணி. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கண்ணோரம் செந்நிற நீர் படிவதற்கு முன்பே நிறை குறையத் தொடங்கியிருக்கும்.

அவற்றின் ஆயுள் ஒன்றரை முதல் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. இதை மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். தும்முகிற அந்த ஒன்றை இன்றிரவு புதுப் பெட்டிக்கு மாற்றும்போது, காதருகே வைத்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டு, நிறையோடு சேர்த்துக் கொப்பியின் முதல் வரியில் அவள் கையாலேயே எழுதட்டும்.